ஒட்டுப்போட்ட எழுத்து

அத்தியாயம் 6

முதல் முட்டை காரின் முன்கண்ணாடியில் வலது மூலையில் வந்து உடைந்தது. இரண்டாவது நட்டநடுவில்.

"நாட்டுக்கோழி முட்டை மேடம்," என்றான் ஸ்பாஸ், வைப்பரைத் தட்டிவிட்டபடி. "மஞ்சக்கரு எவ்வளவு செவப்பு பாருங்க. எங்க ஊர்க்காரங்களக் கஞ்சன்னு யாரும் சொல்லிட முடியாது."

பக்கத்து இருக்கையில் இருந்த போகோமிலா டான்செவா மடியிலிருந்த கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் சுங்கத் துறையில் இருந்துவிட்டு, மேலதிகாரியின் மைத்துனனுடைய லாரியைத் திறந்து பார்த்த குற்றத்துக்காக வெளியே வந்தவள். ருசே நகரத்தில் மீன் கடைக்கு மேல் மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம். அதில் ஊழியர் என்று சொன்னால் ஸ்பாஸ் ஒருவன்தான்.

"எறிஞ்சது யாரு? தெரிஞ்சவங்களா?"

"எங்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சவன். அப்பவும் குறி தப்பாது."

டோல்னி ப்ரோட் என்கிற அந்தப் பல்கேரியச் சிற்றூரை விட்டு ஸ்பாஸ் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. டான்யூப் ஆற்றங்கரையில் ஒரு தேவாலயம், இரண்டு மதுக்கடை, ஒரு பேரிங் தொழிற்சாலை. தொழிற்சாலையில் இருநூற்று நாற்பது பேருக்கு வேலை. மீதி ஊர் அந்த இருநூற்று நாற்பது பேரை நம்பிப் பிழைக்கிறது. அதனால்தான் முட்டை.

விஷயம் இதுதான். ஜனவரியில் ஆற்றின் கீழ்ப்பகுதியில், ருமேனியக் கரையோரம் நங்கூரம் போட்டிருந்த ஒரு தானியப் படகின் மேல், போர்முனையிலிருந்து வழிதவறி வந்த ரஷ்ய ட்ரோன் விழுந்தது. படகு ஊழியர்கள் இருவர் கருகிச் செத்தார்கள். ட்ரோனின் எஞ்சினைப் பிரித்தபோது உள்ளே காசு அகலத்துக்கு ஒரு பேரிங். அதன் விளிம்பில் ஒரு நாரை முத்திரை. டோல்னி ப்ரோட் தொழிற்சாலையின் நாரை.

ரஷ்யாவுக்கு விற்கக் கூடாது என்று ஐரோப்பா முழுக்கத் தடை போட்டிருக்கும்போது ஐரோப்பியப் பேரிங் எப்படி ரஷ்ய ட்ரோனுக்குள் போனது? நிர்வாகம் பதிலைத் தயாராக வைத்திருந்தது. கிர்கிஸ்தானில் ஆப்பிள் தரம் பிரிக்கும் இயந்திரம் செய்யும் கம்பெனிக்குத்தான் விற்றோம், வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டோம் என்று அந்தக் கம்பெனி தந்த மூன்று உறுதிச் சான்றிதழ்கள் இதோ. ஐயோ, சான்றிதழ்கள் போலியா? அப்படியென்றால் எங்கள் ஏற்றுமதிப் பிரிவு எழுத்தர் ஸ்தோயன்கா எங்களை ஏமாற்றிவிட்டாள். அவள் அலமாரியில்தான் இருந்தன, அவள்தான் தயாரித்திருக்க வேண்டும்.

ஸ்தோயன்காவுக்கு அறுபத்திரண்டு வயது. கணுக்காலில் போலீஸ் பட்டை மாட்டி வீட்டிலேயே அடைத்து வைத்துப் பதினொரு வாரம். திங்கட்கிழமை வழக்கு. இன்று வியாழன்.

அவளுடைய வக்கீல்தான் போகோமிலாவை அமர்த்தியிருந்தார்.

*

"அந்த வக்கீலுக்குப் பைத்தியம். உங்களுக்குமா?" என்றாள் ஸ்தோயன்கா கதவைப் பாதி திறந்து. "எனக்கு எதுவும் தெரியாது. சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. போங்க."

"அத்தை, நான் ஸ்பாஸ். இலியாவோட மகன்."

"தெரியுது. உங்கப்பன் முப்பது வருஷம் அந்த ஃபேக்டரி உலையில வெந்தான். நீ அதுக்கே கொள்ளி வைக்க வந்திருக்க."

"கொள்ளி வைக்க வரலை அத்தை. உங்க கால்ல இருக்கற கொலுசு நல்லா இல்ல, கழட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. கதவை மூடப் போனாள். போகோமிலா காலை நடுவில் வைத்தாள்.

"சரிம்மா. நாங்க போயிடறோம். ஆனா விசாரணை வேண்டாம்னு நீங்க சொன்னதா எழுத்துல கொடுங்க. வக்கீல் என்னைக் கேட்பாரு. கையால வேண்டாம், டைப் பண்ணிக் கொடுங்க, தெளிவா இருக்கும்."

ஸ்தோயன்கா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். மேஜைமேல் பழைய கணினி ஒன்று இருந்தது. அவள் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே ஆற்றை முறைத்தபடியே விரல்களை ஓடவிட்டாள். விசைப்பலகையைக் குனிந்து பார்க்கவே இல்லை. நான்கு வரி, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போகோமிலா அவள் தோளுக்குப் பின்னால் நின்று, திரையை விட்டுவிட்டு விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அச்சடித்த தாளைக் கையில் திணித்துவிட்டு ஸ்தோயன்கா கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது.

"அருமையான வரவேற்பு," என்றான் ஸ்பாஸ் காரில் ஏறியபடி. "ஒரு காப்பிகூடக் கெடைக்கல. ஆனா கிளையண்டே நம்மள வேண்டாம்னு எழுதிக் கொடுத்த காகிதம் கெடைச்சுது. பிரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டலாம்."

"அந்தப் போலிச் சான்றிதழ அடிச்சவ அவ இல்ல," என்றாள் போகோமிலா.

"முகத்தப் பார்த்தா?"

"விரலப் பார்த்து." கோப்பிலிருந்து போலிச் சான்றிதழின் நகல் ஒன்றை எடுத்து அவன் தொடைமேல் வைத்தாள். "இது ரஷ்ய மொழியில இருக்கு. கிர்கிஸ்தான் கம்பெனி அனுப்பினதா காட்டணுமில்ல? இந்த வார்த்தையப் படி."

"கிர்கிஸ்தான்."

"ரெண்டாவது எழுத்து எப்படி இருக்கு?"

ஸ்பாஸ் குனிந்தான். பல்கேரிய எழுத்தும் ரஷ்ய எழுத்தும் அண்ணன் தம்பி. அண்ணன் வீட்டிலிருந்து தம்பி பெரும்பாலும் எல்லாவற்றையும் பங்கு பிரித்துக்கொண்டுவிட்டான். ஒன்றிரண்டுதான் இங்கே வரவில்லை. அப்படி வராத ஒன்று, வயிறு பருத்த ஒரு எழுத்தும் அதன் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடும் சேர்ந்தது. அந்த நாட்டின் பெயரிலேயே அது இரண்டு முறை வரும்.

இந்தத் தாளில் அந்தக் கோட்டின் உச்சியில் சின்னதாக ஒரு மூக்கு இருந்தது.

"இது கோடு இல்ல மேடம்! ஒண்ணு! நம்பர் ஒண்ணு!"

"ஆமா. நம்ம எழுத்துல இருக்கற வயித்தப் போட்டு, பக்கத்துல ஒண்ணு போட்டு ஒட்டியிருக்காங்க. மூணு சான்றிதழ்லயும் அப்படியே. கிர்கிஸ்தான்ல இருக்கறவன் தன் நாட்டுப் பேரை இப்படி ஒட்டுப்போட்டு எழுதுவானா? இத அடிச்ச விசைப்பலகையில அந்த எழுத்தே கிடையாது. அதாவது, இது நம்ம நாட்டுல அடிச்சது."

"இன்டர்நெட்டுல தேடி எடுத்து ஒட்டியிருக்கலாமே?"

"சோம்பேறித்தனம். அது இல்லன்னா உனக்கும் எனக்கும் சோறு கிடையாது."

"அப்ப ஸ்தோயன்கா அத்தையும் அடிச்சிருக்கலாமே? அவங்களும் இங்கதான இருக்காங்க?"

"அங்கதான் விஷயம். இப்ப எல்லாரும் இங்கிலீஷ் சத்தத்த வெச்சு அடிக்கற விசைப்பலகைதான் வெச்சிருக்காங்க. அதுல அந்த எழுத்து இல்ல. அவ பழைய தட்டச்சுமுறைக்காரி. அந்தக் காலத்துல பாதி கடுதாசி மாஸ்கோவுக்குத்தான் போகும், அதனால பழைய பலகையில அந்த எழுத்து உண்டு. அவ பலகையில மேல் வரிசையில மொத சாவி, கமாவுக்கு மேல இருக்கு. நான் இப்பத்தான் பார்த்தேன். நாப்பது வருஷமா அவ விரலுக்கு அது தெரியும். ஒரு சாவிய அமுக்கினா வர்ற எழுத்த அவ எதுக்கு ரெண்டு துண்டா ஒட்டணும்?"

ஸ்பாஸ் விசிலடித்தான். "அப்ப நாம தேடறது, எழுத்துக்கு ஒட்டுப்போடற தையல்காரன்."

*

தொழிற்சாலை வாசலில் நீலக் கொடிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள், மஞ்சள் நட்சத்திரம் போட்டவை. பிற்பகல் மூன்று மணிக்கு ஐரோப்பியக் குழு ஒன்று வருகிறது. ஐரோப்பா தன் பாதுகாப்புக்காக வாரியிறைக்கும் பணத்தில் ஒரு பங்கை, பீரங்கிக் குண்டுக்கு உதிரிபாகம் செய்ய இந்தத் தொழிற்சாலைக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க.

"எதிரிக்கு அம்பு வித்த கடையில நமக்குக் கேடயம் வாங்க வர்றாங்க," என்றான் ஸ்பாஸ். "ஒரே கடையில ரெண்டும் கெடைச்சா அலைச்சல் மிச்சம்தான்."

இயக்குநர் காரகாஷெவ் வாசலுக்கே வந்துவிட்டார். புது கோட்டு, புது டை, பழைய வாய்.

"யாரு உள்ள விட்டது இவங்கள?"

"இன்னும் உள்ள வரலை," என்றாள் போகோமிலா. "உங்க ஆபீஸ்ல யார் யார் கம்ப்யூட்டர்ல ரஷ்ய மொழியில அடிப்பாங்கன்னு மட்டும் சொன்னீங்கன்னா—"

"அம்மா, கேட்டுக்கோ. கேஸ் விலை அஞ்சு மடங்கு ஏறினப்ப எவனும் வந்து கேட்கல. ஜெர்மன்காரன் கார் ஆர்டர நிறுத்தினப்ப எவனும் கேட்கல. சீனாக்காரன் பாதி விலைக்கு பேரிங்கக் கொண்டாந்து கொட்டறான், அதையும் கேட்கல. என் ஆளுங்க ஒருத்தனைக்கூட நான் வீட்டுக்கு அனுப்பல. இப்ப ஒரு கெழவி பண்ணின திருட்டுக்காக என் வாசல்ல வந்து நிக்கற. மூணு மணிக்கு அவங்க வர்றப்ப உன் நிழல்கூட இங்க விழக் கூடாது."

"கெழவி திருடலை சார்."

"அத கோர்ட்டு சொல்லும். டேய், தள்ளுங்கடா இவங்கள!"

காவலர்கள் இருவர் வந்தார்கள். கொடி கட்டிக்கொண்டிருந்த தொழிலாளிகளும் ஏணியிலிருந்து இறங்கி வந்தார்கள். ஒருவன் ஸ்பாஸின் சட்டைக் காலரைப் பிடித்து லாரி வாயில் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தான். "உன் அக்கா இங்க வேலை பாக்கறா, அதுக்காகத்தான் உன் பல்லு உன் வாயில இருக்கு," என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனான்.

காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்த ஸ்பாஸின் கண்ணுக்கு நேரே, லாரி வாயிலின் கம்பத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அறிவிப்பு தொங்கியது. லாரி ஓட்டுநர்களுக்கு. பல்கேரிய மொழியில், துருக்கி மொழியில், கீழே ரஷ்ய மொழியில்: எஞ்சினை அணைக்கவும்.

ரஷ்ய வரியின் முதல் வார்த்தையில், இரண்டாவது எழுத்து. பருத்த வயிறு. பக்கத்தில் மூக்கு வைத்த ஒன்று.

அறிவிப்பின் அடியில் அடித்தவரின் பதவியும் பெயரும் இருந்தன. அனுப்புகைப் பிரிவு மேற்பார்வை: நெவியானா இலியேவா.

அவன் அக்கா.

"ஏதாவது கண்ல பட்டுதா?" என்று காருக்குப் பக்கத்திலிருந்து போகோமிலா கேட்டாள்.

ஸ்பாஸுக்கு வாயில் நக்கல் எதுவும் வரவில்லை. "இல்ல மேடம்," என்றான். "நீங்க அந்த டீக்கடையில உக்காருங்க. எனக்கு ஒரு அரை மணி நேரம் வேணும். சொந்த வேலை."

*

நெவியானா வீட்டில்தான் இருந்தாள். வெளிநாட்டுக்காரர்கள் வருவதால் எல்லாரும் நல்ல உடுப்பில் வரவேண்டும் என்று இரண்டு மணி வரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளைச் சட்டையை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாடா, போலீஸ் நாயே. சாப்பிட்டியா? சாப்பிடலைன்னாலும் இங்க ஒண்ணும் இல்ல."

"அக்கா, லாரி கேட்டுல இருக்கற நோட்டீஸ் நீ அடிச்சதா?"

"ஆமா. அதுக்கென்ன? எழுத்துப்பிழை இருக்கா, பிடிச்சுட்டுப் போகப் போறியா?"

"இருக்கு."

இஸ்திரிப் பெட்டி நின்றது. அவன் சொன்னான். ஒட்டுப்போட்ட எழுத்து, மூன்று சான்றிதழ், ஸ்தோயன்காவின் பழைய விசைப்பலகை. சொல்லச் சொல்ல அவள் முகம் மாறவே இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. ஒன்றுமறியாதவளாக இருந்தால் இந்நேரம் பெட்டியைத் தூக்கி அவன்மேல் எறிந்திருப்பாள்.

"சரி, நான்தான் அடிச்சேன்," என்றாள். "இப்ப என்னங்கற? டைரக்டர் கையால எழுதிக் கொடுத்தாரு, அடிச்சுக் கொடுத்தேன். எதுக்குன்னும் தெரியும். ஆப்பிள் மெஷினாம்! ரெண்டு லட்சம் பேரிங் போட்டு எந்த ஊர்ல ஆப்பிள் பொறுக்கறாங்க? எல்லாருக்கும்தான் தெரியும். இந்தத் தெருவுல எந்த வீட்டுக் கதவ வேணா தட்டிக் கேளு."

"ரெண்டு பேரு செத்துருக்காங்கக்கா. படகுல சோத்தப் பொங்கிட்டிருந்தவங்க."

"நான் கொன்னேனா? அந்த ஆர்டர் இல்லாம இருந்தா போன மழைக்கே கேட்டைப் பூட்டியிருப்பாங்க. பிரஸ்ஸல்ஸ்ல உக்காந்து கையெழுத்துப் போடறவன் வீட்டுல குளுருல எவனும் கோட்டுப் போட்டுத் தூங்கல. நாங்க தூங்கினோம். அவன் தடை போடுவான், நாங்க பட்டினி கிடக்கணும். நீ அப்ப எங்கடா இருந்த? ருசேல மீன் கடை மாடியில கண்டவன் பொண்டாட்டிய வேவு பாத்துக்கிட்டு!"

"சரி, என்னைத் திட்டு. ஸ்தோயன்கா அத்தை என்ன பண்ணாங்க?"

அவள் சட்டைக் கையை இழுத்துப் பிடித்துப் பெட்டியை அழுத்தினாள். "நாலு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறவங்க. புருஷன் இல்ல, புள்ளை இல்ல. வயசானவங்கன்னு ஜெயில்ல போட மாட்டாங்க, மிரட்டிட்டு விட்டுருவாங்கன்னு டைரக்டர் சொன்னாரு. எனக்கு ரெண்டு புள்ளைங்க."

"அவங்களுக்கு எட்டு வருஷம் கேக்கறாங்க அரசு வக்கீல்."

பெட்டி சட்டைமேலேயே இருந்தது. லேசாகத் தீய்ந்த வாடை வந்தது. அவள் சட்டென்று எடுத்தாள். "தண்ணி தீந்துபோச்சு," என்று பெட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தம். அதற்கடியில் ரொம்பத் தணிந்த குரலில் ஏதோ பேச்சு.

திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் கத்தியாக இருந்தது. "வெளிய போ. இனிமே எனக்குத் தம்பின்னு ஒருத்தன் கிடையாது."

*

லாரி வாயிலின் கம்பத்தில் நான்கு ஆணித் துளைகள்தான் இருந்தன.

ஸ்பாஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. முதலில் அக்காவிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று ஓடியவன், சாட்சியத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டான். குழாய்ச் சத்தத்துக்குள் அவள் யாருக்குப் போன் பண்ணினாள் என்பது இப்போது விளங்கியது.

டீக்கடையில் எல்லாவற்றையும் போகோமிலாவிடம் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. பெயரையும்.

அவள் கோப்பையை மெதுவாக வைத்தாள். "எட்டு வருஷமா எங்கூட இருக்க. திருடன்கிட்ட மொதல்ல போய்ச் சொல்லிட்டு என்கிட்ட அப்புறம் வர்றது இதுதான் மொத தடவை."

"திருடன் இல்ல மேடம். அக்கா."

"ஸ்தோயன்கா யாருக்கோ அக்காதான்."

அதற்குமேல் அவள் திட்டவில்லை. அது இன்னும் வலித்தது. "கோர்ட்டுல நான் சொல்றேன் மேடம்," என்றான் அவன். "நான் பார்த்தேன்னு கூண்டுல ஏறிச் சொல்றேன்."

"சம்பளம் வாங்கற ஆளோட வாய்ச் சாட்சி. அரசு வக்கீல் ரெண்டு நிமிஷத்துல கிழிச்சுப் போட்டுருவாரு." போகோமிலா கண்ணை மூடிக்கொண்டாள். "அந்த நோட்டீஸ் முழுசா ஞாபகம் இருக்கா? மேலருந்து கீழ சொல்லு."

"எஞ்சினை அணைக்கவும். ஹெல்மெட் போடவும். புகை பிடிக்காதீங்க. கேட் போன் நம்பர். வைஃபை பாஸ்வேர்டு. அப்புறம் அவ பேரு."

போகோமிலா கண்ணைத் திறந்தாள். "என்ன சொன்ன?"

"அவ பேரு—"

"அதுக்கு முன்னாடி!"

ஸ்பாஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

தொழிற்சாலைக்கு வெளியே, ஆற்றை ஒட்டிய மண் திடலில், பாரம் ஏற்றவும், ஏற்றிவிட்டு எல்லை தாண்டவும் காத்துக்கொண்டு பதினேழு லாரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு லாரியிலும் ஓர் ஓட்டுநர். பத்து மணி நேரம், இருபது மணி நேரம், பேச ஆளில்லாமல் காத்துக் கிடப்பவர்கள். இலவச இன்டர்நெட்டின் சாவி எழுதியிருக்கும் காகிதத்தை எந்த ஓட்டுநர் போட்டோ எடுக்காமல் விடுவான்?

முதல் இரண்டு ஓட்டுநர்கள் முகத்திலடித்தாற்போல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் சுக்ரு என்கிற துருக்கிக்காரர், அடுப்பை மூட்டி முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். போலீஸா என்று கேட்டார். பழைய சுங்கம் என்றாள் போகோமிலா.

"சுங்கமா? போலீஸே தேவலை," என்றார் சுக்ரு. "மூணு நாளா எல்லையில திருப்பி அனுப்பறாங்க. ஏன்னும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"பேப்பரக் காட்டுங்க."

அவள் அரை நிமிடம் பார்த்தாள். "லாரி நம்பர் ரெண்டாவது பக்கத்துல வேற, மூணாவது பக்கத்துல வேற. ஒரு எழுத்து மாறியிருக்கு. திருத்தி முத்திரை வாங்குங்க, விட்டுருவாங்க."

சுக்ரு முட்டைச் சட்டியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். "மூணு நாளு! ஒரு எழுத்துக்கு!"

"ஒரு எழுத்துதாங்க எங்க பிரச்சினையும்," என்றான் ஸ்பாஸ்.

சுக்ருவின் கைபேசியில் அறிவிப்பின் போட்டோ பளிச்சென்று இருந்தது. டிசம்பரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று. எழுத்தும் தெரிந்தது, மூக்கும் தெரிந்தது, அடியில் பெயரும் தெரிந்தது. சுக்ரு குரல் கொடுக்க, மற்ற ஓட்டுநர்களும் இறங்கி வந்து ஆளுக்கொரு கைபேசியை நீட்டினார்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், திடலின் ஓரத்தில், நெவியானா நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை. இடது கையில் பழுப்பாகத் தீய்ந்த முக்கோணம். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

நேரே போகோமிலாவிடம் வந்தாள். தம்பியைப் பார்க்கவில்லை.

"எட்டு வருஷம்ங்கறது நெசமா?"

"குற்றப்பத்திரிகையோட கடைசிப் பக்கம். பாருங்க."

நெவியானா பார்த்தாள். இரண்டு முறை படித்தாள். "மிரட்டிட்டு விட்டுருவாங்கன்னு சொன்னான்," என்றாள். "எம் பையன் தலையில கைய வெச்சுச் சொன்னான் காரகாஷெவ்." பிறகு கைப்பையைத் திறந்து நான்காக மடித்த மூன்று தாள்களை எடுத்தாள். எல்லாம் பேனா எழுத்து. அங்கங்கே அடித்தல் திருத்தல். "அவன் எழுதிக் கொடுத்தது. கிழிச்சுப் போடச் சொன்னான். கிழிக்கல. நாளைக்கு என் தலையில கை வெப்பான்னு தெரியும். நான் என்ன முட்டாளா?"

போகோமிலா கையை நீட்டினாள். நெவியானா தாள்களை இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு இல்ல. நீங்க நாளைக்கு ருசேக்குப் போயிடுவீங்க, நான் இந்தத் தெருவுல நடக்கணும். என்னை அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மொதல்ல அவங்ககிட்டப் பேசணும். அப்புறம் எவன் கைல வேணா கொடுக்கறேன்."

காரின் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்பாஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"அக்கா—"

"ரோட்டப் பாத்து ஓட்டுடா."

வழியில் நீலக்கொடி போட்ட மூன்று கறுப்புக் கார்கள் எதிரே வந்து, அவர்களைத் தாண்டித் தொழிற்சாலைப் பக்கம் திரும்பின. அந்தக் குழு திரும்பிப் போகும்போது தொழிற்சாலைக்கு ஒரு காசும் விட்டுவிட்டுப் போகாது என்பது மூன்று பேருக்கும் தெரியும். இருநூற்று நாற்பது பேருக்கு இன்னும் தெரியாது.

*

இந்த முறை ஸ்தோயன்கா கதவை முழுதாகத் திறந்தாள். வாசலில் நின்ற நெவியானாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"அத்தை, அந்தச் சான்றிதழ..." நெவியானா கைப்பையைத் திறந்தாள். "அத அடிச்சது..."

"நீதான். தெரியும்."

ஸ்பாஸ் போகோமிலாவைத் திரும்பிப் பார்த்தான். அவளும் இதை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எட்டு வருடத்தில் அந்த முகத்தை அவன் அப்படிப் பார்த்ததில்லை.

"மொத நாளே தெரியும்," என்றாள் ஸ்தோயன்கா. "அந்த வக்கீல் தாளை என் முன்னாடி போட்டப்பவே. அந்த ஃபேக்டரியில அப்படி ஒண்ணு போட்டு ஒட்டறவ நீ ஒருத்திதான். ரஷ்ய எழுத்த கம்ப்யூட்டர்ல ஏத்திக்கடின்னு உன்கிட்ட எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்."

"அப்ப ஏன்மா சொல்லலை?" என்று போகோமிலா முன்னால் வந்தாள். "ஒரு வார்த்தை போதுமே!"

"சொன்னா இவ மட்டுமா போவா? டைரக்டர் போவான், ஃபேக்டரி போகும், ஊரே போகும். சொல்லாட்டி நான் ஒருத்திதான் போவேன். வீட்டுக்குள்ள உக்காந்து இதையே போட்டு உருட்டிக்கிட்டிருந்தேன்." அவள் பார்வை நெவியானாவை விட்டு நகரவில்லை. "நானா காட்டிக் கொடுக்க மாட்டேன், இவளா வரட்டும்னு பார்த்தேன். நாலு வீடு தள்ளித்தான் இருக்கா. தெனம் காலையில இந்த ஜன்னலுக்குக் கீழதான் வேலைக்குப் போவா. மொத வாரம் வருவான்னு நெனைச்சேன். ரெண்டாவது வாரம் நெனைச்சேன். அப்புறம் எண்ண ஆரம்பிச்சேன். பதினோரு வாரம்டி."

நெவியானா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வா," என்றாள் ஸ்தோயன்கா. "நீங்க ரெண்டு பேரும் வெளியவே நில்லுங்க."

கதவு சாத்திக்கொண்டது. ஸ்பாஸ் படியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பளாரென்று ஓர் அறை விழும் சத்தம் கேட்டது. அவன் எழுந்தான். போகோமிலா அவன் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

அதற்கப்புறம் அழுகை கேட்டது. அழுவது தன் அக்காவா, ஸ்தோயன்காவா என்று காதைக் கதவோடு வைத்துக் கேட்டும் அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.